அத்தியாயம் 3: காது கொடுத்தல்

பெரகல சந்தியில் மூன்று சாலைகள் சேர்கின்றன. ஒன்று பலாங்கொடை, ஹல்துமுல்லைப் பக்கமிருந்து ஏறி வருகிறது. ஒன்று அப்புத்தளைக்கும் பண்டாரவளைக்கும் மேலே போகிறது. மற்றது கொஸ்லந்தை வழியாக வெல்லவாயவுக்கு இறங்குகிறது. இறங்கும் அந்தச் சாலைப் பக்கந்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, தோட்டத்துக்கு மேலே இருந்த சரிவு பெயர்ந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது.

அந்தச் சரிவு ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, மக்களும் சரிவுக்குக் கீழேயே இருந்தார்கள். காது கொடுத்தல் பற்றிய அத்தியாயத்தை இந்தத் துயரத்திலிருந்து தொடங்க ஒரு காரணம் உண்டு. "இங்கிருந்து போங்கள்" என்று சொல்வது ஒரு வேலை. "போனால் எங்கே இருப்பீர்கள், வேலைக்கு எப்படி வருவீர்கள், பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போகும், எது உங்களைப் போகவிடாமல் பிடிக்கிறது" என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை நடக்காத இடத்தில், எவ்வளவு நல்ல சொல்லும் காதில் விழுந்ததோடு நின்றுவிடும்.

ஆசிரியர், தாதி, சங்கத் தலைவர், முன்பள்ளி அக்கா, இளைஞர் கழகத்துத் தம்பி என்று, நாலு பேர் வந்து மனம் திறக்கும் இடத்தில் இருக்கும் எல்லோருக்குமான அத்தியாயம் இது. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்னும் கூடுதலாக.

ஒரு சொல்லுக்குள் மூன்று

தமிழில் "கேள்" என்றால் செவிமடு. "கேள்" என்றால் வினவு. பழந்தமிழில் "கேள்" என்றால் உறவும்கூட. கேளிர், கேண்மை என்ற சொற்கள் அந்த வேரில் வந்தவை. திருக்குறளில் 42ஆவது அதிகாரத்தின் பெயர் "கேள்வி". அது வினாக்களைப் பற்றியது இல்லை. பிறர் சொல்வதைச் செவியால் பெறுவதைப் பற்றியது. கல்வி, கல்லாமை ஆகிய இரண்டு அதிகாரங்களை அடுத்து, அறிவுடைமைக்கு முன்னால், வள்ளுவர் அதை வைத்திருக்கிறார். படித்தவருக்கும் படிக்காதவருக்கும் அறிவை நோக்கி ஒரே வாசல் அது என்று அந்த வரிசையை நான் வாசிக்கிறேன்.

மூன்று பொருளும் ஒரே வேலையின் மூன்று படிகள். முதலில் செவி கொடுக்கிறோம். புரிந்தது சரிதானா என்று வினவுகிறோம். அந்த இரண்டும் முடியும்போது எதிரே இருப்பவர் கொஞ்சம் உறவாகிவிடுகிறார்.

காதில் விழுவதும் கேட்பதும்

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இந்த வேறுபாட்டை விளக்கவே வேண்டாம். ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள். நடுச்சுவரைத் தாண்டி அடுத்த வீட்டு இருமல் வரும், சண்டை வரும், பிள்ளையின் அழுகை வரும். காதில் விழாதது என்று எதுவுமில்லை. ஆனாலும் பல வருடம் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் மனதுக்குள் என்ன சுமந்தார் என்பது, அவர் போன பிறகுதான் தெரிய வருகிறது.

எல்லாம் காதில் விழும் இடத்தில் மனிதர்கள் இரண்டு விதமாகப் பழகிவிடுகிறார்கள். விழுவதைக் கேளாதது போல் இருக்கப் பழகுகிறார்கள், அது நாகரிகம். தங்கள் உள்விஷயத்தை யாரிடமும் சொல்லாதிருக்கவும் பழகுகிறார்கள், அது பாதுகாப்பு. ஆகவே இங்கே காது கொடுக்க நினைப்பவரின் முதல் கடமை, பேச ஓர் இடம் தேடுவது.

எங்கே, எப்படி அமர்வது

ஆலோசனைப் பயிற்சிகளில் "எதிரில் அமருங்கள், கண்ணைப் பாருங்கள்" என்று சொல்லித்தருவார்கள். ஆசுபத்திரி அறைக்கு அது பொருந்தலாம். தேயிலை மலையில் பெண்கள் மனம்விட்டுப் பேசுவது அப்படி இல்லை. அடுத்தடுத்த நிரையில் நின்று, கண் கொழுந்தில், கை கொழுந்தில், வாய் மட்டும் பேசும். முகத்தைப் பார்க்க வேண்டாம் என்பதால்தான் சில சொற்கள் வெளியே வருகின்றன.

இதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

• ஒருவரை அழைத்து உட்கார வைத்து விசாரிப்பதைவிட, அவரோடு சேர்ந்து நடங்கள். பீலிக்கு, கடைக்கு, பஸ் ஏறும் இடத்துக்கு.

• கைக்கு ஒரு வேலை இருக்கட்டும். கீரை ஆயலாம், விறகு கட்டலாம், பிளேன்டி ஊற்றலாம்.

• முடிந்தவரை பக்கத்தில் அமருங்கள். இருவரும் ஒரே திசையைப் பார்க்கட்டும்.

• கொழுந்து நிறுக்கும் நேரம், அடுப்பு மூட்டும் நேரம் வேண்டாம். "இப்ப பேசலாமா, ராவைக்குப் பேசலாமா?" என்று அவரையே கேளுங்கள்.

• கைபேசியை மடியில் வைக்காதீர்கள். பையில் போடுங்கள்.

ஒரு பேச்சு, இரண்டு விதமாக

பீலிக்கரையில் ஒரு பேச்சை நினைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் காம்பரா அக்கா சொல்கிறார்:

"மகன் கொழும்புக்குப் போயி மூணு மாசமாச்சு. ஒரு போனுமில்ல."

நாம் வழக்கமாகச் சொல்வது: "விடுங்கக்கா, வேலை கூடியிருக்கும். எங்க தம்பியும் இப்படித்தான், தீபாவளிக்குத்தான் பேசினான். எல்லாம் சரியாயிரும்."

நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் பேச்சு அங்கேயே முடிந்துவிட்டது. அக்கா "ம்" என்று சொல்லிக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போவார்.

அதே பேச்சு, இன்னொரு விதமாக:

"மூணு மாசமா ஒரு சத்தமும் இல்ல."

"சத்தமில்லன்னு இல்ல தங்கச்சி. முதலாளிக்கு எடுத்தா, இருக்கான்னு சொல்றாரு. என்கிட்டதான் பேச மாட்டேங்கிறான்."

"நல்லாத்தான் இருக்கான்னு தெரியுது. ஆனா உங்ககிட்ட மட்டும் பேச மாட்டேங்கிறான்."

"ஆமா. போற அன்னைக்கு நான் ஒரு வார்த்தை சொல்லிட்டேன்."

(கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. தண்ணீர் விழும் சத்தம் மட்டும்.)

"அந்த வார்த்தைதான் உள்ளுக்குள்ள கெடக்குது."

"ஆமா தங்கச்சி. அதேதான்."

இந்த இரண்டாவது பேச்சில் தங்கச்சி எந்த அறிவுரையும் சொல்லவில்லை. அவர் செய்தது மூன்றே காரியம்.

ஒன்று: தன் கதையை உள்ளே விடவில்லை. தம்பி கதை அவருக்கும் நினைவுக்கு வந்திருக்கும். அதை நாக்குக்கு இந்தப் பக்கமே நிறுத்திக்கொண்டார்.

இரண்டு: கேட்டதைத் திருப்பிச் சொன்னார். கிளிப்பிள்ளை மாதிரி ஒவ்வொரு சொல்லாக இல்லை. அதன் சாரத்தை, அக்காவுக்குப் பழகிய சொற்களிலேயே.

மூன்று: தவறாகச் சொன்னபோது திருத்த விட்டார். இதைக் கவனியுங்கள். "ஒரு சத்தமும் இல்ல" என்று அவர் முதலில் சொன்னது சரியில்லை. அக்கா உடனே திருத்தினார். அந்தத் திருத்தத்தில்தான் உண்மையான வலி வெளியே வந்தது. ஆகவே தப்பாகிவிடுமோ என்று பயப்படாதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டு, பிடிவாதம் பிடிக்காமல் இருந்தால் போதும்.

"ஆமா, அதேதான்" என்ற சொல் வரும்வரை வேலை முடியவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நாம் புரிந்துகொண்டோமா என்று தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் நமக்குக் கிடையாது. சொன்னவருக்குத்தான் உண்டு.

கேட்பதைக் கெடுக்கும் ஐந்து பழக்கங்கள்

*அவசர ஆறுதல்.* "எல்லாம் சரியாயிரும்" என்ற சொல் பெரும்பாலும் நம் பதற்றத்தைத் தணிக்கவே வருகிறது. அழுபவரை அழ விடுவது கஷ்டமான வேலை. பக்கத்தில் இருந்தால் போதும்.

*கேளாத அறிவுரை.* "என்ன செய்யலாம் சொல்லுங்க" என்று அவர் வாய்விட்டுக் கேட்கும்வரை பொறுங்கள். கேட்டாலும், "நீங்க என்ன யோசிச்சு வச்சிருக்கீங்க?" என்று முதலில் கேளுங்கள். பலருக்கு வழி ஏற்கெனவே தெரியும். அதை ஒருவர் முன்னால் சொல்லிப் பார்க்கத்தான் வந்திருப்பார்கள்.

*விசாரணை.* "எப்ப? யாரு? எவ்வளவு? ஏன் சொல்லல?" என்று அடுக்கினால் அது பொலிஸ் நிலையமாகிவிடும். "ஏன்" என்ற சொல் குற்றச்சாட்டுப் போல் விழும். "என்ன நடந்துச்சு" என்பது அவ்வளவு கூர்மை இல்லாதது.

*தன் கதை.* "எனக்கும் இப்படித்தான்" என்று தொடங்கினால், கேட்க வந்தவர் பேசுபவராகிவிடுகிறார்.

*வெளியே கொண்டுபோதல்.* லயத்தில் ஒரு சொல் ஒரு வரிசையைக் கடக்க அரைமணி நேரம் போதும். ஒருமுறை வெளியே போன இரகசியத்தோடு உங்கள் மேல் இருந்த நம்பிக்கையும் போய்விடும். உயிருக்கோ, ஒரு பிள்ளைக்கோ ஆபத்து என்றால் மட்டும் விதிவிலக்கு. அப்போதும் "இதை நான் இன்னாரிடம் சொல்லத்தான் வேணும்" என்று அவரிடமே முன்கூட்டிச் சொல்லுங்கள்.

உங்களையே கேட்பது

நிலச்சரிவு எச்சரிக்கைக்காக மலைநாட்டில் பல இடங்களில் மழைமானி வைத்திருக்கிறார்கள். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் கவனம், 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற்றம். மழைமானி மழையை நிறுத்துவதில்லை. வந்ததை வந்தபடி வாங்கி, எவ்வளவு என்று காட்டுகிறது. நல்ல காதுக்கு இதைவிட நல்ல உவமை எனக்குத் தெரியாது. ஆனால் அதை வைத்திருப்பவர் தவறாமல் செய்யும் ஒரு வேலை உண்டு: அளந்த நீரை ஊற்றிவிட்டுக் காலி செய்வது. நேற்றைய நீர் உள்ளே இருந்தால் இன்றைய கணக்குப் பிழைத்துவிடும்.

நமக்குள்ளும் நேற்றைய நீர் நிற்கிறது. காலையில் ஒருவர் சொன்ன சொல்லின் சூட்டோடு மாலையில் மகளின் பேச்சைக் கேட்கிறோம். அவள் சொன்னது கொஞ்சம், நம்மில் நின்றது நிறைய. சேர்த்து அளந்து அவள் மேல் பாய்கிறோம். ஆகவே பிறரைக் கேட்கும் முன் நம்மைக் கேட்க வேண்டும்.

இதற்கு ஒரு முறையை வகுத்துத் தந்தவர் யூஜின் ஜென்ட்லின். வியன்னாவில் பிறந்து, அமெரிக்காவில் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸோடு வேலை செய்தவர். உளச்சிகிச்சைப் பேச்சுகளின் ஒலிப்பதிவுகளை அவர் குழு ஆராய்ந்தது. நன்றாகத் தேறியவர்கள் சரளமாகப் பேசியவர்கள் இல்லை. பேச்சின் நடுவே தயங்கி, "இல்ல, அது இல்ல, எப்படிச் சொல்ல..." என்று உள்ளே தேடியவர்கள்தான் தேறினார்கள். இன்னும் பெயர் வைக்காத ஓர் உணர்வை அவர்கள் உடம்பில் தொட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தத் தேடலை யாரும் பழகிக்கொள்ளலாம் என்று 1978இல் அவர் ஒரு நூலாக எழுதினார்.

நம் பாட்டிமாருக்கு இந்த மொழி புதிதில்லை. வயிறு எரிகிறது, நெஞ்சை அடைக்கிறது, மனசு பாரமாயிருக்கு, தொண்டையில் ஏதோ நிற்கிறது என்று உடம்பைத் தொட்டுத்தான் அவர்கள் மனதைச் சொன்னார்கள். அந்த வழியிலேயே போகலாம்.

1. வேலை முடிந்து வந்ததும், அடுப்படிக்குப் போகுமுன், கை கால் கழுவிவிட்டு வாசற்படியில் உட்காருங்கள். பத்து நிமிடம் போதும்.

2. "இப்ப எனக்கு உள்ள எப்படியிருக்கு?" என்று கேளுங்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். காத்திருங்கள்.

3. தொண்டை, நெஞ்சு, வயிறு ஆகிய மூன்றையும் மெல்லக் கவனியுங்கள். எங்கே இறுக்கம்? எங்கே கனம்?

4. அதற்கு ஒரு சொல் வைத்துப் பாருங்கள். கோபமா? பயமா? ஏக்கமா?

5. வைத்த சொல்லை உடம்போடு ஒப்பிடுங்கள். பொருந்தாத சொல்லுக்கு உடம்பு அசையாது. பொருந்திய சொல்லுக்கு ஒரு பெருமூச்சு வரும், தோள் கொஞ்சம் இறங்கும்.

6. வந்ததை விரட்டாதீர்கள், திருத்தாதீர்கள். "சரி, நீ இருக்கிறது தெரிஞ்சுது" என்று அதற்குச் சொல்லிவிட்டு எழுந்திருங்கள்.

ஓர் உதாரணம். ஓர் ஆசிரியை மாலையில் தன் பிள்ளை மேல் காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். படியில் உட்கார்ந்து பார்க்கிறார். "கோபம்" என்று வைக்கிறார். அசையவில்லை. "களைப்பு" என்கிறார். கொஞ்சம் பொருந்துகிறது, முழுக்க இல்லை. காலையில் எல்லார் முன்னாலும் தன்னைக் குறைத்துப் பேசிய ஒரு சொல் நினைவுக்கு வருகிறது. "அவமானம்" என்று வைக்கிறார். மூச்சு இறங்குகிறது. அவமானம் இன்னும் தீரவில்லை. ஆனால் அது யாருடையது, எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிட்டது. பிள்ளை தப்பித்தது.

தூரத்துக் குரல்

இங்கிருந்து பிள்ளைகள் கொழும்புக்குப் போகிறார்கள், தாய்மார் குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறார்கள். முகமில்லாத குரல்தான் பல குடும்பங்களுக்கு மிஞ்சியிருக்கிறது. "சாப்பிட்டியா, காசு வந்துச்சா, பிள்ளை படிக்கிறானா" என்ற மூன்று கேள்வியோடு அழைப்பு முடிந்துவிடுகிறது. வாரத்தில் ஒரு அழைப்பையாவது செய்தி சொல்லாமல் தொடங்குங்கள்: "இன்னைக்கு உன் குரல் ஒரு மாதிரி இருக்கு." பிறகு பேசாதிருங்கள். மௌனத்தில் தொடர்பு அறுந்தது போல் தோன்றும். பொறுங்கள். அந்தப் பக்கம் ஒருவர் சொல் தேடிக்கொண்டிருக்கலாம்.

கூட்டத்தில்

மேல் லயத்துக்கும் கீழ் லயத்துக்கும் தண்ணீர்க் குழாய்த் தகராறு. இருபது பேர் ஒன்றாகப் பேசுகிறார்கள். இங்கே ரோஜர்ஸ் சொன்ன எளிய விதி ஒன்று உதவும்: முன்னால் பேசியவர் சொன்னதை, அவர் "ஆமா, அதைத்தான் சொன்னேன்" என்று ஒத்துக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகே அடுத்தவர் தன் கருத்தைச் சொல்லலாம். முதல் பத்து நிமிடம் எரிச்சலாக இருக்கும். பிறகு சத்தம் தானாகக் குறையும், ஏனென்றால் கேட்கப்பட்டவருக்குக் கத்த வேண்டிய தேவை இல்லை. பெண்களையும் இளையவர்களையும் முதலில் பேச விடுங்கள். பெரியவர் பேசி முடித்த பிறகு அவர்களின் சொல் வெளியே வராது.

மலையக மக்களுக்கு இது வெறும் கூட்ட ஒழுங்கு இல்லை. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமாவோ பண்டாரநாயக்கவும் லால் பகதூர் சாஸ்திரியும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 975,000 பேரைப் பற்றியது. 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மீதி 150,000 பேர் பற்றிப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். "நீங்கள் எங்கே இருக்க விரும்புகிறீர்கள்?" என்று அந்த மக்களைக் கேட்டு எழுதிய கணக்கு இல்லை அது. அண்ணன் இந்தியாவிலும் தங்கை இங்கேயுமாகக் குடும்பங்கள் பிரிந்தன. கேட்காமல் முடிவு செய்வது என்னவெல்லாம் செய்யும் என்று தெரிந்த சமூகம் நாம். நம் சிறிய கூட்டங்களில் அதே தவறைச் செய்யக் கூடாது.

காது கொடுத்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள். சி.வி.வேலுப்பிள்ளை தொழிலாளர்களின் நாட்டார் பாடல்களைக் கேட்டுத் தொகுத்து, "மலைநாட்டு மக்கள் பாடல்கள்" என்று நூலாக்கினார். அவர் காது கொடுக்காமல் இருந்திருந்தால் அந்தக் குரல்களில் பல பாடியவர்களோடு போயிருக்கும்.

காதால் மட்டும் முடியாதபோது

"செத்துப் போயிடலாம் போல இருக்கு" என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றாதீர்கள், திட்டாதீர்கள். "சாகணும்னு யோசிக்கிறீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியாகச் சுமந்தவருக்குப் பெரும்பாலும் அது ஆறுதலாகவே இருக்கும். அவரைத் தனியே விடாதீர்கள். வீட்டிலிருக்கும் பூச்சி மருந்து, களைநாசினி எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். 1990களில் உலகிலேயே மிக அதிகமானவற்றுள் ஒன்றாக இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், கொடிய பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்த பிறகு பெருமளவு குறைந்தது. தற்கொலை வேகம் பல சமயம் தணிந்துபோகும். தணியும்வரை நஞ்சு கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இதைச் சுவரில் எழுதி வையுங்கள். 1974இல் தொடங்கிய சுமித்ரயோ அமைப்பும், சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் இத்தனை வருடமாகத் தன்னார்வலர்களின் காதை நம்பியே நடக்கின்றன. அங்கே இருப்பவர்களில் பலர் மருத்துவர்கள் இல்லை. பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள்.

நீங்களும் மருத்துவர் இல்லை என்பதை மறக்காதீர்கள். கேட்ட பிறகு உங்களுக்குத் தூக்கம் வராவிட்டால், உங்களைக் கேட்க ஒருவரை நீங்களும் தேடிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரப் பயிற்சி

திங்கள், செவ்வாய்: வாசற்படியில் பத்து நிமிடம். உங்களை மட்டும் கேளுங்கள்.

புதன்: ஒரு பேச்சில் உங்கள் கதையைச் சொல்லாதிருங்கள். எத்தனை முறை நாக்கு நுனிவரை வந்தது என்று எண்ணுங்கள்.

வியாழன்: ஒரு பேச்சில் மூன்று முறை திருப்பிச் சொல்லுங்கள். "ஆமா, அதேதான்" வந்ததா?

வெள்ளி: வீட்டில் மிகக் குறைவாகப் பேசுபவரோடு ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்யுங்கள். பக்கத்தில் நில்லுங்கள். பேச வைக்க முயலாதீர்கள்.

சனி: தூரத்தில் இருக்கும் ஒருவருக்கு அழையுங்கள். குரலைக் கேளுங்கள்.

ஞாயிறு: இருவர் இருவராகச் சேருங்கள். ஒருவர் பத்து நிமிடம் பேசட்டும், மற்றவர் திருப்பிச் சொல்வது மட்டும் செய்யட்டும். பிறகு மாறுங்கள்.

மலை பெயருமுன் சில அடையாளங்களைக் காட்டும். சுவரில் வெடிப்பு, சாயும் மரம், திடீரென்று கலங்கும் ஊற்று. மழை நாளில் பீலித் தண்ணீர் கலங்கினால் நாம் இப்போது நின்று பார்க்கிறோம், பக்கத்து வீட்டுக்கும் சொல்கிறோம். மீரியபெத்தைக்குப் பிறகு வந்த பழக்கம் அது. நாளைக்குப் பீலிக்கரையில் அந்த அக்காவின் குரல் கலங்கியிருந்தால், குடத்தை இறக்கி வைத்துவிட்டு அதற்கும் நின்று பாருங்கள்.